இந்தியர்கள் எழுதிய பாரசீகம்: அது யாருடைய இலக்கியம்?

#1 கல்மண்டபம்

காலிப்பை நாம் எல்லோரும் உருதுக் கவிஞராகத்தான் அறிவோம். அவரோ ஒரு ஈரடியில் இப்படிச் சொல்கிறார்: வண்ண வண்ணச் சித்திரங்கள் வேண்டுமானால் என் பாரசீகத்தைப் பார், உருதுத் தொகுப்பைத் தாண்டிப் போ, அதில் நிறமே இல்லை. அவர் எழுதியதில் பாரசீகக் கவிதைதான் பல மடங்கு அதிகம். அவரே நிறமில்லை என்று ஒதுக்கிய பக்கத்தை வைத்து அவரைக் கொண்டாடுகிறோம்.

இந்திய இலக்கிய வரலாறு என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சமஸ்கிருதம், தமிழ், வங்காளம், உருது என்று வரிசையாக அத்தியாயம் இருக்கிறது. லாகூரில் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1930கள் வரை இந்த மண்ணில் எழுதப்பட்ட பாரசீகத்துக்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. சாகித்திய அகாதெமியின் 24 மொழிகளில் ஆங்கிலம் இருக்கிறது, பாரசீகம் இல்லை. அங்கே ஈரானிலும் இந்தியாவில் எழுதியவர்களை நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தார்கள். அப்படியானால் இது யாருடைய இலக்கியம்? விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

#2 ஒத்தையடிப்பாதை

இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை சார். அது அலுவலக மொழி. 1582இல் அக்பரின் நிதியமைச்சர் தோடர்மால் எல்லா மட்டத்திலும் வருவாய்க் கணக்கைப் பாரசீகத்தில் எழுதச் சொன்னார், வேலை வேண்டியவர்கள் படித்தார்கள். 1837இல் கம்பெனி அரசு நீதிமன்றங்களிலிருந்து அதை எடுத்துவிட்டது, படிப்பவர்கள் குறைந்தார்கள். சம்பளம் நின்றதும் வாடிப்போன மொழிக்கு இலக்கிய வரலாற்றில் அரைப் பக்கமே அதிகம்.

#3 நூலகப்பூச்சி

ஒத்தையடி, உங்கள் கணக்கு 1582இல் தொடங்குகிறது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே லாகூரில் மஸூத் சாத் சல்மான் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது லாகூரை ஆண்ட கஸ்னவி அரசர்களின் அரசியலில் மாட்டிக் கோட்டைச் சிறைகளில் பல வருடம் கிடந்தவர். அவருடைய சிறைக் கவிதைகள் பாரசீகத்தில் ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டன. அந்தக் கவிதைகளில் அவர் ஏங்குவது லாகூருக்காக. பிரிந்து போன பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஊரைப் பற்றிப் பேசுவார். ஈரானிய நகரம் எதுவும் அந்த இடத்தில் இல்லை.

அப்புறம் அமீர் குஸ்ரோ, 1253இலிருந்து 1325 வரை. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பட்டியாலியில் பிறந்தவர். தந்தை துருக்கிய வழி, தாய் இந்தியப் பெண். 1318இல் எழுதிய 'நுஹ் ஸிபிஹ்ர்' (ஒன்பது வானங்கள்) நூலில் இந்தியாவின் பெருமைக்குக் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: எண்கள் இங்கிருந்து போயின, சதுரங்கம் இங்கிருந்து போயிற்று, 'கலீலா தம்னா' என்று உலகம் படிக்கும் பஞ்சதந்திரக் கதைகள் இங்கே பிறந்தவை, வெளிநாட்டார் படிக்க இங்கே வருகிறார்கள், இங்குள்ளவர்கள் படிக்க வெளியே போவதில்லை. கடைசி வாதத்தை இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள், விடுங்கள். அதே நூலில் இந்திய மொழிகளைப் பட்டியலிடும்போது சிந்தி, காஷ்மீரி, வங்காளி, தெலுங்கு, துவாரசமுத்திரத்து மொழியான கன்னடம் ஆகியவற்றோடு 'மாபரி' என்றும் ஒன்றைச் சேர்க்கிறார். மாபர் என்பது பாண்டிய நாடும் சோழமண்டலக் கரையும். ஆக, நம் மொழி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அதே நூற்றாண்டில் ஈரானின் ஷிராஸில் கவிஞர் ஹாஃபிஸ், வங்காளத்துக்குப் போகும் இந்தப் பாரசீகக் கற்கண்டைக் கொறித்து இந்தியக் கிளிகள் எல்லாம் வாய் இனிக்கும் என்று எழுதினார். அந்தக் கஜலை வங்காள சுல்தான் கியாசுத்தீன் ஆஸம் ஷாவுக்கு அனுப்பியதாகச் சொல்வார்கள். அங்கே படிக்க ஆள் இருந்தது என்பதை ஷிராஸில் இருந்தவரே தெரிந்துவைத்திருந்தார்.

#4 மழைக்காகிதம்

நான் உருது கற்கும் மாணவி. குஸ்ரோ என்றால் விடுகதைகளும் கவ்வாலிகளில் வரும் இந்திப் பாடல்களும்தானே? பாரசீகம் எங்கே வந்தது?

#5 நூலகப்பூச்சி

அவர் பெயரில் வழங்கும் இந்திப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய கையெழுத்துப் பிரதி ஆதாரம் கிடையாதும்மா. இந்தியில் எழுதியதாக அவரே ஓரிடத்தில் சொல்கிறார், ஆனால் அதைச் சேர்த்து வைக்கவில்லை. கையில் உறுதியாக இருப்பவை ஐந்து திவான்கள் (கவிதைத் தொகுப்புகள்), ஐந்து மஸ்னவிகள் (ஈரடிகளால் ஆன நெடுங்கவிதைகள்) கொண்ட 'கம்ஸா', வரலாற்றுக் காவியங்கள், உரைநடை. எல்லாம் பாரசீகம். ஊருக்குத் தெரிந்த குஸ்ரோ வேறு, ஏட்டில் இருக்கும் குஸ்ரோ வேறு. எனக்கு இருவரையும் பிடிக்கும், ஆனால் இங்கே பேச வேண்டியது இரண்டாமவரை.

#6 ஒத்தையடிப்பாதை

ஏட்டில் இருக்கும் குஸ்ரோவையே பேசுவோம். 1311இல் மாலிக் காஃபூர் படையோடு மதுரை வரை வந்து கோயில் செல்வத்தை அள்ளிக்கொண்டு போனதை 'கஸாயினுல் ஃபுதூஹ்' நூலில் சிலேடையும் உவமையுமாக ஜோடித்து எழுதியவரும் இவர்தானே? வீர பாண்டியன், சுந்தர பாண்டியன் சண்டைகூட அதில் வருகிறது. மாபரி மொழியைப் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி சொல்வதா, மாபரைச் சூறையாடியதைப் பாடியதற்கு வருத்தப்படுவதா?

#7 கல்மண்டபம்

இரண்டையும் செய்யலாம். கலிங்கத்துக்காரர் ஒருவர் ஜெயங்கொண்டாரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வோம்? கலிங்கத்துப்பரணியில் வெட்டுண்ட பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதைத் தமிழின் உச்சங்களில் ஒன்றாகப் படிக்கிறோம், படிக்கவும் வேண்டும். அரசனிடம் கூலி வாங்கியவர் என்பதால் கவிதை போய்விடாது. கூலி வாங்கினார் என்பதை மறைக்கவும் வேண்டாம்.

#8 சாம்பல்பூனை

அலுவலக மொழி என்கிற வாதத்துக்கு வருகிறேன். அலுவலகத்துக்குப் படித்தவர்கள் அலுவலகத்தோடு நிற்கவில்லை என்பதுதான் சுவாரசியமே. சந்தர் பான் என்று லாகூர் பிராமணர் ஒருவர் ஷாஜஹானிடம் முன்ஷியாக (எழுத்துச் செயலராக) இருந்தார். புனைபெயரே 'பிராமன்'. அவருடைய ஈரடி ஒன்றின் சாரம்: என் இதயம் இறைமறுப்போடு அவ்வளவு நெருக்கம், பலமுறை காபாவுக்குக் கூட்டிப் போனேன், ஒவ்வொரு முறையும் பிராமணனாகவே திரும்பிக் கூட்டி வந்தேன். பிற்காலத் தொகுப்புகளில் இதற்கு ஒரு கதை சேர்ந்துவிட்டது. ஷாஜஹான் முகம் சிவந்தாராம். பக்கத்திலிருந்த அமைச்சர் அஃப்ஸல் கான் உடனே பாரசீகக் கவிஞர் ஸாதியின் வரியை எடுத்துவிட்டாராம்: ஏசுவின் கழுதை மெக்காவுக்குப் போய் வந்தாலும் கழுதைதான். அவை சிரித்ததாம். நடந்ததோ இல்லையோ, அந்த ஈரடி அவருடையது. 'சஹார் சமன்' என்று அரசவை வாழ்க்கையைப் பற்றி உரைநடை நூலும் எழுதியிருக்கிறார்.

இவர் தனி ஆளும் அல்ல. காயஸ்தர், கத்ரி ஆகிய இந்துச் சாதியினரின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாரசீகம் படித்தார்கள். 18ஆம் நூற்றாண்டு தில்லியில் ஆனந்த் ராம் முக்லிஸ், தேக் சந்த் பஹார் இருவரும் அகராதி செய்தார்கள். தேக் சந்தின் 'பஹாரே அஜம்' கவிஞர்கள் பயன்படுத்திய சொற்றொடர்களுக்கு எடுத்துக்காட்டு வரிகளோடு பொருள் தரும் பேரகராதி. பாரசீக அகராதிகள் ஈரானைவிட இந்தியாவில்தான் அதிகம் எழுதப்பட்டன. தாய்மொழியாக இல்லாததால் சொல்லைச் சொல்லாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பஞ்சாபில் குரு கோவிந்த் சிங் 1705இல் அவுரங்கசீப்பைக் கண்டித்து எழுதிய 'ஸஃபர்நாமா' பாரசீகக் கவிதைதான். அரசனின் மொழியிலேயே அரசனுக்குச் சூடு. அதை எந்த அலுவலகக் கணக்கில் வைப்பீர்கள்?

#9 மழைக்காகிதம்

'சப்கே ஹிந்தி', இந்திய பாணி என்று ஒரு பெயர் வகுப்பில் அடிக்கடி வருகிறது. அது என்ன? திட்டா, பாராட்டா?

#10 நூலகப்பூச்சி

திட்டாகத்தான் தொடங்கியது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஈரானிலிருந்து கவிஞர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். உர்ஃபி லாகூரில் இறந்தார், நஸீரி அகமதாபாத்தில், ஸுஹூரி பீஜப்பூர் அவையில் இருந்தார், ஸாயிப் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். இங்கே காசு இருந்தது, அக்பர், அப்துர் ரஹீம் கானே கானான் போன்ற ரசிகர்களும் இருந்தார்கள். வந்தவர்களும் இங்கே பிறந்த ஃபைஸி, கனி காஷ்மீரி போன்றவர்களும் சேர்ந்து ஒரு புது நடையை வளர்த்தார்கள். அவர்களே அதற்கு வைத்த பெயர் 'தாஸா கூயி', புதுமொழிதல். பழைய கஜலின் ரோஜாவும் மெழுகுவர்த்தியும் அப்படியே இருக்கும், ஆனால் அவற்றிலிருந்து யாரும் எதிர்பாராத ஒரு பொருளைப் பிழிந்தெடுக்க வேண்டும். ஒரு ஈரடிக்குள் ஒரு வாதம், அதற்கு உலகிலிருந்து ஒரு சான்று. படிப்பவன் கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் இஸ்ஃபஹானில் இதற்கு எதிராக ஒரு குழு கிளம்பியது. பழைய ஆசான்களிடம் திரும்புவோம் என்றது. அதற்கும் பின்னால், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஈரானிய அறிஞர் முகமது தகி பஹார் (மேலே சொன்ன தேக் சந்த் அல்ல) பாரசீகக் கவிதையைக் குராசான், இராக், இந்தியா என்று மூன்று பாணிகளாகப் பிரித்து வைத்தார். இந்திய பாணி என்றால் சிக்கல், செயற்கை, நலிவு என்ற பொருள் அப்படி ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை, அந்தப் பாணியின் பெரும் பெயர்களில் பலர் ஈரானில் பிறந்தவர்கள். குற்றத்தை மட்டும் இந்தியா தலையில் கட்டினார்கள்.

இந்த நடையின் எல்லைக்கே போனவர் பேதில். 1644இல் பாட்னாவில் பிறந்து 1720இல் தில்லியில் இறந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கஜல்கள், நீண்ட மஸ்னவிகள், 'சஹார் உன்ஸுர்' என்ற தன்வரலாறு. கண்ணாடி அவரிடம் ஓயாமல் வரும். ஒரு கஜலில் கண்ணாடி என்றால் வியப்பில் உறைந்த கண், இன்னொன்றில் எதையும் தக்கவைக்காத மனம். சிக்கலானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் திடீரென்று இப்படியும் எழுதுவார்: வாழ்க்கை என் கழுத்தில் வந்து விழுந்துவிட்டது, பேதில், வழி என்ன? மகிழ்ந்தும் வாழ வேண்டும், மகிழாமலும் வாழ வேண்டும்.

இவரை ஈரான் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. 1980களில் ஷஃபீயீ கத்கனி 'கண்ணாடிகளின் கவிஞர்' என்று பெயரிட்டு ஒரு நூல் எழுதிய பிறகுதான் அங்கே நிலைமை மாறியது. ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் கதையே வேறு. அங்கே பேதிலைக் கூடி உட்கார்ந்து படித்து விளக்கம் பேசும் வழக்கம் உண்டு, பாடகர்கள் கச்சேரியில் பாடுகிறார்கள். பிறந்த பாட்னாவில் அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

கனி காஷ்மீரி பற்றி ஒரு சின்ன கதை, போகிற போக்கில். வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாராம், வெளியே போகும்போது திறந்து போட்டுவிட்டுப் போவாராம். ஏன் என்று கேட்டதற்கு, இந்த வீட்டில் இருக்கும் ஒரே மதிப்புள்ள பொருள் நான்தான் என்றாராம். இக்பால் இதை ஒரு கவிதையாகவே எழுதியிருக்கிறார்.

#11 ஒத்தையடிப்பாதை

சரி, இலக்கியம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவுகோல் எப்போதும் ஈரானில்தானே இருந்தது? உங்கள் காலிப்பே இந்தியர்கள் எழுதிய பாரசீகத்தை மதித்தவர் இல்லை.

#12 சாம்பல்பூனை

அந்தச் சண்டைதான் இந்த விஷயத்தின் இதயம். நல்ல இடத்தில் கை வைத்தீர்கள்.

1734இல் ஹஸீன் என்ற ஈரானியக் கவிஞர் அடைக்கலம் தேடி இந்தியா வந்தார். கடைசிவரை இங்கேதான் இருந்தார், 1766இல் காசியில் இறந்தார். ஆனால் இந்த ஊர் மீதும் இங்குள்ளவர்கள் எழுதும் பாரசீகம் மீதும் அவருக்கு இளக்காரம். தில்லியில் அப்போது மொழி அறிஞராக இருந்தவர் கான் ஆர்ஸூ. அவர் 'தன்பீஹுல் காஃபிலீன்' என்று ஒரு நூல் எழுதினார். பெயரே 'கவனமற்றவர்களுக்கு எச்சரிக்கை'. ஹஸீனின் கவிதைகளை வரிவரியாக எடுத்து, இங்கே சொல்லாட்சி தவறு, இங்கே உவமை பொருந்தவில்லை என்று காட்டினார். ஈரானில் பிறந்ததால் மட்டும் ஒருவர் ஆதாரம் ஆகிவிட மாட்டார், இலக்கியத்தைக் கற்றுத் தேர்ந்தவர் எங்கே பிறந்திருந்தாலும் ஆதாரம்தான் என்பது ஆர்ஸூவின் நிலை. பாரசீகம் அரபு, துருக்கிச் சொற்களை ஏற்கும்போது இந்தியச் சொல்லை ஏன் ஏற்கக்கூடாது என்றும் கேட்டார். சமஸ்கிருதத்துக்கும் பாரசீகத்துக்கும் உள்ள ஒற்றுமையை அவர் எழுதிவைத்தபோது வில்லியம் ஜோன்ஸின் 1786 உரைக்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

இப்போது காலிப். அவருடைய நிலை நேர் எதிர். 1828இல் கல்கத்தாவில் ஒரு முஷாயிராவில் (கவியரங்கில்) அவர் வாசித்த பாரசீக வரியில் பிழை இருப்பதாகச் சிலர் கதீல் என்ற இந்தியப் பாரசீக ஆசிரியரை மேற்கோள் காட்டினார்கள். கதீல் பிறப்பால் கத்ரி இந்து, பின்னர் முஸ்லிமானவர். ஃபரீதாபாத்துக் கத்ரியின் பேச்சை நான் கேட்பதா என்று காலிப் பொங்கினார். கல்கத்தாவே எதிராகத் திரும்பிவிட்டது. கடைசியில் சமாதானமாக ஒரு மஸ்னவி எழுத வேண்டி வந்தது, அதிலும் குத்தல் குறையவில்லை. வயதான பிறகும் அடங்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவில் தொகுக்கப்பட்ட 'புர்ஹானே காதி' என்ற புகழ்பெற்ற அகராதியைத் தாக்கி 1862இல் ஒரு நூல் போட்டார். பதிலுக்கு வசை நூல்கள் வந்தன. ஒருவர் மேல் மானநஷ்ட வழக்கே தொடுத்தார்.

இந்தியர்களில் குஸ்ரோவைத் தவிர யாரையும் ஆதாரமாக ஏற்கமாட்டேன் என்றவர் ஆக்ராவில் பிறந்து தில்லியில் வாழ்ந்தவர். ஈரானைக் கண்ணால் பார்க்காதவர். இளமையில் பேதில் பாணியில் உருது எழுத முயன்று, அது பெரும்பாடு என்று தானே பாடியவர். என் கட்சி ஆர்ஸூ கட்சி. ஆனால் கவிதை என்று வந்தால் காலிப்பிடம்தான் போவேன், ஆர்ஸூவின் கவிதை அந்த உயரம் இல்லை.

#13 வேலூர்க்காரி

வடக்கையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே, ஆற்காட்டை யாரும் தொடவில்லை.

ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானைப் பற்றி ஜஸ்வந்த் ராய் என்ற முன்ஷி எழுதிய 'சயீத் நாமா' பாரசீகம். வாலாஜா முகமது அலி காலத்து வரலாறான 'துஸுகே வாலாஜாஹி' பாரசீகம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது ஹுசைன் நயினார் 1930களில் 'துஸுகே வாலாஜாஹி'யை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கர்நாடகப் போர்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் பிரெஞ்சு, ஆங்கிலக் குறிப்புகளோடு நின்றுவிடுகிறார்கள், அதே போர்களை நவாபு பக்கத்திலிருந்து பார்க்கும் இந்த நூல்களைப் புரட்டுபவர்கள் குறைவு.

எங்கள் வேலூரில் 1745இல் பிறந்தவர் பாகிர் ஆகாஹ். அரபு, பாரசீகம், தக்கினி (தெற்கத்தி உருது) மூன்றிலும் எழுதினார். கடைசி நவாபு குலாம் கவுஸ் கான், 1855இல் இறந்தவர், 'ஆஸம்' என்ற பெயரில் பாரசீகக் கவிஞர். கவியரங்கம் நடத்தினார், ஆற்காட்டுப் பகுதிக் கவிஞர்களைப் பற்றி 'சுப்ஹே வதன்', 'குல்ஸாரே ஆஸம்' என்ற தொகுப்புகளை எழுதினார். சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பாரசீகக் கவிஞர்களின் வரலாறு எழுதியிருக்கிறார்கள், நமக்குச் சேப்பாக்கம் என்றால் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும்.

ஒத்தையடி அண்ணனுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாகிர் ஆகாஹ் மார்க்க நூல்களைத் தக்கினியில் எழுதியதற்குக் காரணமே, பெண்களுக்கும் அரபு, பாரசீகம் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது. பாரசீகம் எல்லோருக்கும் எட்டாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

#14 ஒத்தையடிப்பாதை

நன்றி அக்கா. நான் சொல்வதும் இதைத்தான். தெலுங்கைத் தஞ்சாவூர் நாயக்கர் அவையில் வளர்த்தார்கள், அது அவையைத் தாண்டித் தியாகராஜர் வழியாகத் திருவையாற்றுத் தெருவுக்கு வந்தது. இந்தியப் பாரசீகம் எந்தத் தெருவுக்கு வந்தது?

#15 நூலகப்பூச்சி

தெருவுக்கு வந்தது உருது வழியாக. உருதுக் கஜலின் உறுப்பு, உவமை, யாப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் அது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இல்லை, தெரியும்.

சம்பளம் நின்றதும் வாடியது என்றீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். 1837க்குப் பிறகு 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் பாரசீக நூல்களை அச்சடித்துத் தள்ளியது. 1893இல் கல்கத்தாவில் தொடங்கிய 'ஹப்லுல் மதீன்' வார இதழை ஈரானின் அரசியல் சட்டப் புரட்சிக்காரர்கள் வாசித்தார்கள். 1837க்கு முன்பும் அது வெறும் அலுவலக மொழியாக இல்லை: ராம்மோகன் ராயின் முதல் நூல் 'துஹ்ஃபதுல் முவஹ்ஹிதீன்' பாரசீகம், 1822இல் அவர் நடத்திய 'மிராதுல் அக்பார்' பத்திரிகையும் பாரசீகம். பத்திரிகைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டதும் அதை எதிர்த்து மறு வருடமே நிறுத்திவிட்டார்.

இக்பால் 1877இல் பிறந்தவர், பாரசீகத்துக்குச் சம்பளம் இல்லாத காலம். 1915இல் 'அஸ்ராரே குதி', 1932இல் 'ஜாவீத் நாமா'. அவர் கவிதையில் பாதிக்கு மேல் பாரசீகம். அவரும் ஈரானுக்குப் போனதில்லை. அங்கே அவரை 'இக்பாலே லாகூரி' என்றே அழைக்கிறார்கள். ஜாவீத் நாமாவின் விண்பயணத்தில் விசுவாமித்திரரும் பர்த்ருஹரியும் திப்பு சுல்தானும் வருகிறார்கள். ஈரானில் பிறந்த ஒருவர் இப்படி ஒரு நூலை எழுதியிருக்க முடியாது.

#16 ஒத்தையடிப்பாதை

இக்பால் பாரசீகத்தைத் தேர்ந்தது இந்தியாவுக்கு வெளியே உள்ள முஸ்லிம் நாடுகள் படிக்கட்டும் என்றுதான். அதனால் அவரை வைத்து இந்திய வாசகர் இருந்தார் என்று நிறுவ முடியாது. மற்றபடி நவல் கிஷோர் விவரம் எனக்குப் புதிது.

#17 மழைக்காகிதம்

தாரா ஷிகோவை யாரும் சொல்லவில்லையே? 1657இல் உபநிடதங்களைக் காசிப் பண்டிதர்களை வைத்து 'சிர்ரே அக்பர்' என்று பாரசீகமாக்கினார். அதிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆங்க்தீல் துப்பெரோன் லத்தீனில் கொண்டுபோனார், அதைத்தான் ஷோபன்ஹவர் படித்தார். அக்பர் காலத்தில் மகாபாரதம் 'ரஸ்ம்நாமா' ஆனது. விருப்பமே இல்லாமல் அந்த வேலையில் மாட்டிக்கொண்ட பதாயூனி தன் வரலாற்று நூலில் புலம்புவது படிக்கச் சுவையாக இருக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு வழி சொல்லுங்கள், எனக்கு நஸ்தலீக் எழுத்து வாசிக்க வரும்.

#18 சாம்பல்பூனை

உருது தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் குஸ்ரோவின் கஜல்கள், நேரடியானவை. அடுத்தது சந்தர் பான் பிராமன், மொழி தெளிவாக இருக்கும். பேதிலை முதலில் எடுத்துவிடாதீர்கள், பயந்து ஓடிவிடுவீர்கள். காலிப்பின் கஜல்களுக்குப் போகும் முன் அவருடைய 'சிராகே தைர்' படியுங்கள். காசியைப் பற்றிய 108 ஈரடிகள், காசியை இந்துஸ்தானத்தின் காபா என்கிறார்.

#19 கல்மண்டபம்

நீங்கள் சொன்ன சிராகே தைரை ஆங்கிலம் வழியாகத் தமிழில் செய்து பார்க்கிறேன். முதல் இருபது ஈரடிகளைத் தனி இழையில் போடுகிறேன், மழைக்காகிதம் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

#20 ஒத்தையடிப்பாதை

போடுங்கள் சார், படிக்கிறேன். முன்னுரையில் அந்தப் பென்ஷன் விவகாரத்தையும் எழுதுங்கள். மனுஷன் காசியில் தங்கியதே கம்பெனி அரசிடம் பென்ஷன் கேட்கக் கல்கத்தா போகிற வழியில்தான்.